முப்பத்தொன்றாம் வில்லை

அன்று சாயங்காலம் ஓடம் நேரத்துக்குக் கிளம்பியிருந்தால் ஆற்று நடுவில் இருக்கும் திட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்குமா?

இந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்குப் பதில் தெரியாது. ஓட்டியவரையே கேட்டிருக்கிறேன். ஒரு நாள், "ஜம்முனு போயிருப்பேன்" என்பார். இன்னொரு நாள், "நடு ஆத்துல நம்ம கதை முடிஞ்சிருக்கும்" என்பார். எதைச் சொல்வார் என்பது அன்றைக்கு அவருக்கு என்மேல் இருக்கும் கோபத்தைப் பொறுத்தது.

அடுத்த மாதத்தோடு நான் வேலையை விடுகிறேன். புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் நால்வருக்கும் பயன்படும்படி ஏதாவது எழுதிக் கொடுக்கச் சொல்லி மானேஜர் என்னிடம் ஒரு கட்டு வெள்ளைத் தாளைக் கொடுத்தார். "அந்த வெள்ளத்தன்னிக்கு நடந்ததை எழுதுங்கம்மா. ஒரே ஒரு ஆள் வரலைன்னு ஓடத்தையே நிறுத்தினீங்களே, அந்த உறுதி இந்தப் பிள்ளைங்களுக்கும் வரணும்" என்றார். நீங்களும் அந்தக் கதையை ஏற்கெனவே கேட்டிருப்பீர்கள். ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே நம் துறையில் டீ குடிக்கிற எல்லாருக்கும் அது தெரியும். எனக்கு மட்டும்தான் அதில் இல்லாத ஒரு பகுதியும் தெரியும்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தவள். அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் சந்தேகம் வந்து வீட்டுக்குத் திரும்புகிறவள். திரும்பிப் பார்த்துவிட்டு வந்த பிறகு, கதவைப் பூட்டினோமா என்று மறுபடியும் போகிறவள். டிக்கெட் ஜன்னலில் உட்கார்ந்தபோது என் மகளுக்குப் பத்து மாதம். கணவருக்குப் பொன்மலையில் ஷிப்ட் வேலை. வீட்டில் வேறு ஆள் இல்லை. அதனால் துறைக் கொட்டகையின் விட்டத்தில் பழைய புடவையைத் தூளியாகக் கட்டி, குழந்தையையும் வேலைக்குக் கொண்டுவந்தேன். மானேஜர் ஒப்புக்கொண்டார், ஆனால் ஒரு நிபந்தனையோடு. "குழந்தையால வேலையில ஒரு தப்பு நடந்துச்சுன்னா அப்புறம் யோசிக்கணும்மா" என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் நான்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஆணிப்பலகையை உங்களுக்குக் காட்டியிருப்பார்கள். அறுபது ஆணி, அறுபது மரவில்லை. திட்டிலிருந்து வந்து இறங்குகிறவர் ஒவ்வொருவரும் ஒரு வில்லையை எடுத்துக்கொண்டு ஊருக்குள் போவார். திரும்பும்போது ஜன்னலில் கொடுப்பார், நாம் ஆணியில் மாட்டுவோம். ஓர் ஆணி காலியாக இருந்தால் ஒருவர் இன்னும் இந்தக் கரையில் இருக்கிறார் என்று அர்த்தம். பலகை நிறையாமல் கடைசி ஓடம் போகக்கூடாது. ஓடக் கம்பெனி தொடங்கிய புதிதில் கடைசி ஓடத்தைத் தவறவிட்ட வெளியூர்க்காரர் ஒருவர், முழங்கால் தண்ணீர்தானே என்று ஆற்றில் இறங்கி நடந்திருக்கிறார். மறுநாள் அவருடைய துண்டு மட்டும் கிடைத்ததாம். பலகை வந்தது அதற்குப் பிறகுதான்.

இந்தக் கதையைக் கேட்ட நாளிலிருந்து எனக்குப் பலகைதான் எல்லாம். சேர்ந்த முதல் வாரத்தில் தபால்காரருக்குக் கூட வில்லை கொடுத்தேன். அவர் ஸ்ரீரங்கத்துக்காரர். திட்டுக்குப் போய்க் கடிதம் கொடுத்துவிட்டு வருகிறவர். ஓடத்திலிருந்து இறங்குகிறாரே, இறங்குகிறவர்களுக்கு வில்லை கொடுக்க வேண்டுமே என்று அவர் வேண்டாம் வேண்டாம் என்றபோதும் கையில் திணித்தேன். சாயங்காலம் ஓர் ஆணி காலி. ஓடம் அரை மணி நேரம் நின்றது. கடைசியில் ஓடக்காரர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் வில்லையை வாங்கி வந்தார். தபால்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம். வில்லையோடு ஒரு செய்தியும் அனுப்பியிருந்தார். "நான் ஸ்ரீரங்கத்துல பொறந்தேன், இங்கதான் சாவேன். என்னைத் திட்டுல கொண்டுபோய் விட்டுடாதீங்கன்னு சொல்லுங்க."

அன்று முதல் ஓடக்காரர் என்னை 'டீச்சரம்மா' என்று கூப்பிட ஆரம்பித்தார். அது மரியாதை என்று நான் சில மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இனி அந்த நாள். ஆடி முடிந்த சமயம். நயா பைசா வந்த புதிது என்பதால் ஜன்னலில் காலையிலிருந்தே ஒரே வாக்குவாதம். குழந்தைக்குச் சளி. ஆற்றில் இடுப்பளவு தண்ணீர், அமைதியாகப் போய்க்கொண்டிருந்தது. நாலரை மணிக்கு ஆற்றங்கரையைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கர் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"மேல அணையில தண்ணி தொறந்துட்டாங்கம்மா. விளக்கு வைக்கிறதுக்குள்ள இங்க வந்துரும். ஜனங்களைச் சீக்கிரம் ஏத்தி விடுங்க."

சேதி கடைத்தெருவுக்குப் போய்ச் சேர நேரமாகவில்லை. ஐந்து மணிக்குள் திட்டுக்காரர்கள் எல்லாரும் ஓடி வந்துவிட்டார்கள். உப்பு மூட்டை, மண்ணெண்ணெய் டின், ஒரு புதுத் தையல் மெஷின், நாற்பது பேர். நான் வில்லைகளை வாங்கி மாட்டினேன். ஒன்று குறைந்தது. முப்பத்தொன்று. மேசைக்கு அடியில் பார்த்தேன். டிக்கெட் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். மறுபடி முதலிலிருந்து எண்ணினேன். முப்பத்தொன்றுதான்.

"அண்ணே, ஒரு ஆள் வரலை" என்றேன்.

ஓடத்தில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். திட்டில் மளிகைக் கடை வைத்திருப்பவர் எழுந்து தலைகளைப் பார்த்துவிட்டு, "நாங்க எல்லாரும் இருக்கோம்மா. எடுக்கச் சொல்லுங்க" என்றார். அதற்குள் பின்னாலிருந்து ஒருவர், "அந்த முசிறிக்காரன் எங்க? தார் வெட்ட வந்திருக்கானே, அவன் காலைல நம்மகூட வந்தானே" என்றார்.

அவர் பெயர் பிச்சைமுத்து. வாழைத்தார் வெட்டும் காலத்தில் முசிறியிலிருந்து வந்து திட்டில் தங்கி வேலை செய்பவர்.

"சினிமாவுக்குப் போயிருப்பான்."

"மலைக்கோட்டையை அண்ணாந்து பாத்துக்கிட்டு நிப்பான். கழுத்து சுளுக்கினாத்தான் வருவான்."

"அவன் ஒருத்தனுக்காக நாங்க நாப்பது பேரும் இங்கயே குடியிருக்கணுமா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மானேஜர் திருச்சியில். நம் துறையில் அப்போது போன் கிடையாது.

ஓடக்காரர் கழியை ஊன்றி நின்றார். "டீச்சரம்மா, எடுன்னா எடுக்கிறேன். இருன்னா இருக்கேன். ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

"அஞ்சு நிமிஷம் பாக்கலாம் அண்ணே."

என் மனத்தில் முசிறிக்காரர் இருட்டில் வந்து, ஓடம் இல்லையென்று பார்த்து, காலையில் இடுப்பளவுதானே இருந்தது என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். உடனே அழித்தேன். ஓடம் நாற்பது பேரோடு நடு ஆற்றில் நின்றது. அதையும் அழித்தேன். மறுபடி அவர் வேட்டியை மடித்துக் கட்டினார்.

"சொல்லுங்கம்மா."

"அஞ்சு நிமிஷம் அண்ணே."

"இதையேதான் அஞ்சு நிமிஷத்துக்கு முன்னாடியும் சொன்னீங்க."

அப்போது ஓடத்திலிருந்து அஞ்சலை இறங்கி வந்தாள். திட்டிலிருந்து தினமும் பால் கொண்டுவருகிறவள், என் வயதுதான். சண்டை போடப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகத்தான் பேசினாள்.

"எம் பையனுக்கு நாலு மாசம். காலைல குடுத்துட்டு வந்ததுதாங்க. ஓரகத்திகிட்ட விட்டுட்டு வந்திருக்கேன்."

அவளுடைய ரவிக்கையின் முன்பக்கம் நனைந்திருந்தது. அவள் பார்வை எனக்குப் பின்னால் போயிற்று.

"உங்களுக்கென்னங்க. உங்க புள்ள தூளியில தூங்குது."

என்னை இத்தனை வருடத்தில் யார் யாரோ திட்டியிருக்கிறார்கள். மறக்காமல் இருப்பது அவள் திட்டாமல் சொன்ன அந்த ஒன்றுதான்.

நான் வாயைத் திறந்தேன். 'எடுங்க' என்று சொல்லத்தான் திறந்தேன் என்று நினைக்கிறேன். ஆனால் 'இருங்க' என்று சொல்லவும் அதே அளவுதான் வாயைத் திறக்க வேண்டும். நான் எதையும் சொல்வதற்குள் ஓடக்காரர், "இறங்குங்க, எல்லாரும் இறங்குங்க" என்றார். கயிற்றை இழுத்து மரத்தில் இரண்டாவது சுற்றுச் சுற்றினார்.

ஆற்றின் நிறம் மாறியிருந்தது. செம்மண் தண்ணீர், அதன்மேல் நுரை, வைக்கோல், வேரோடு ஒரு வாழைமரம். லஸ்கர் சொன்ன நேரத்துக்கு வெகுமுன்பே வந்துவிட்டது. துணி துவைக்கிற படி எது என்று நான் பார்த்துக்கொண்டிருந்தபோதே அது மறைந்தது.

இதுதான் என்னுடைய உறுதி. முக்கால் மணி நேரத்தில் நான் முடிவாகச் சொன்னது 'அஞ்சு நிமிஷம்' என்பதை மட்டும்தான்.

நாற்பது பேரும் கொட்டகையிலும் படித்துறை மண்டபத்திலும் தங்கினார்கள். திட்டின் வீடுகள் மேட்டில் இருப்பதால் அங்கே பயமில்லை என்று எல்லாரும் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டார்கள். என் குழந்தை எழுந்து அழுதது. நான் தூக்கி ஆட்டினேன், பாடினேன், நிற்கவில்லை. அஞ்சலை சுவரோரம் கைகளைக் குறுக்கே கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வலி அவள் முகத்தில் தெரிந்தது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "இங்க குடுங்க அதை. எனக்கும் தாங்கல" என்று கையை நீட்டினாள்.

குழந்தை அழுகையை நிறுத்திவிட்டுக் குடித்தது. அஞ்சலை கண்ணை மூடிக்கொண்டாள். திடீரென்று, "ஆத்தாடி, என்ன கடி கடிக்குது. எத்தனை பல்லு?" என்றாள்.

"நாலு. மேல ரெண்டு, கீழ ரெண்டு."

"நாலுக்கே இந்தப் பாடா" என்றாள். அன்றைக்கு அவள் சிரித்தது அப்போதுதான்.

காலையில் தண்ணீர் ஏறாமல் நின்றது. கூடுதலாக நான்கு ஆட்களைக் கழி பிடிக்கவைத்து ஓடக்காரர் இரண்டு நடையில் எல்லாரையும் கொண்டுபோய் விட்டார். அஞ்சலையின் பையனுக்கு எதிர்வீட்டுக்காரி பால் கொடுத்துத் தூங்க வைத்திருந்தாளாம். இதை அவர் வந்து சொன்ன பிறகுதான் நான் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் தூளித் துணியைத் துவைக்கலாம் என்று அவிழ்த்தேன்.

மடிப்பிலிருந்து முப்பத்தொன்று விழுந்தது.

ஈரமாக இருந்தது. ஓரத்தில் நான்கு பல் பதிந்திருந்தது. மேலே இரண்டு, கீழே இரண்டு.

அப்போதுதான் எனக்கு முதல்நாள் மத்தியானம் ஞாபகம் வந்தது. குழந்தைக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. நான் ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல்: "அம்மா, நான் ஊருக்குப் போறேன், முசிறி பஸ்ஸுக்கு. திட்டுக்குத் திரும்பலை. வில்லையை இங்க வச்சிருக்கேன், பாத்துக்கங்க." நான் திரும்பாமலே, "ம், வைங்க" என்றேன். பிறகு குழந்தையை அந்த மேசைமேல் உட்கார வைத்துத்தான் மருந்து கொடுத்தேன்.

பிச்சைமுத்து சினிமாவுக்கும் போகவில்லை, மலைக்கோட்டையையும் பார்க்கவில்லை. செய்ய வேண்டியதைச் செய்து, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, முதல் நாளே வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தார்.

மானேஜர் பத்து மணிக்கு வந்தார். ஓடம் கிளம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார். கண் கலங்கியிருந்தது. "அந்த ஆள் வில்லை என்னாச்சும்மா?" என்றார்.

"காலைல கிடைச்சுது சார்" என்றேன்.

அதில் பொய் எது என்று கேட்டால் காட்ட முடியாது. அவர், அந்த ஆள் காலையில் வந்து கொடுத்திருக்கிறான் என்று எடுத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை. குழந்தையால் தப்பு நடந்தால் யோசிக்கணும் என்று சொன்னவர் அவர். மூன்று மாத வாடகை பாக்கி இல்லாமல் நாங்கள் இருந்தது அந்த வருடம்தான் முதல் தடவை. இதெல்லாம் காரணம்தான். எத்தனை காரணம் சொன்னாலும், வாயைத் திறக்காமல் இருந்தது நான்.

பத்து நாள் கழித்துப் பிச்சைமுத்து வேலைக்குத் திரும்பினார். ஓடத்துக்கு நின்ற வரிசையே அவரைப் பிடித்துக்கொண்டது. "ஏம்ப்பா, உன்னால ராத்திரி பூரா கொசுக்கடி" என்று ஆரம்பித்து ஆளாளுக்குத் திட்டினார்கள். அவர் திகைத்து நின்றார்.

"நான் மத்தியானமே குடுத்துட்டுத்தானங்க போனேன். இந்தா இருக்காங்க, அம்மாகிட்டதான் சொல்லிட்டுப் போனேன். சொல்லுங்கம்மா."

வரிசை முழுவதும் என் பக்கம் திரும்பியது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "போனது போகட்டும், விடுங்க" என்றேன்.

"பாத்தியா, எவ்வளவு பெரிய மனசு" என்றார் மளிகைக் கடைக்காரர்.

பிச்சைமுத்து தன் மடியைத் தொட்டுப் பார்த்தார். பத்து நாளைக்கு முந்தைய வில்லை இன்னும் அங்கே இருப்பதுபோல. "குடுக்க மறந்து எங்கயாச்சும் போட்டுட்டேனோ. படிச்சவங்க, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். ஓடத்தில் ஏறப் போனவர் நின்று திரும்பி வந்தார். "எனக்காகவாம்மா ஓடத்தை நிறுத்துனீங்க?"

அந்த முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். நான் குழந்தையின் மூக்கைத் துடைத்தேன். அன்று அதற்குச் சளியே இல்லை.

அன்று முதல் அவர் வில்லையை இரண்டு கையாலும் கொடுக்கிறார். "வச்சிக்கிட்டீங்களாம்மா?" என்று கேட்கிறார். ஆணியில் மாட்டிய பிறகு, "மாட்டிட்டீங்களா?" என்று கேட்கிறார். நாலடி போய் மறுபடி வந்து எட்டிப் பார்க்கிறார். நீங்கள் அவரைப் பார்த்துச் சிரிப்பதை நான் கவனித்திருக்கிறேன். போன வாரம் உங்களில் ஒருவர் அவரைப்போலவே நடித்துக் காட்டினார். அச்சாக இருந்தது. நான் வாசலுக்குப் போய் நின்றுகொண்டேன்.

ஒவ்வொரு வருடமும் ரஸ்தாளித் தாரில் நல்ல சீப்பாகப் பார்த்து எனக்குக் கொண்டுவருகிறார். என் மகள் இப்போது இரண்டாம் வகுப்பு. பாவாடை கட்டிக்கொண்டு உட்கார்ந்து அந்தப் பழத்தைச் சாப்பிடுகிறாள். நான் அதில் ஒன்றுகூட எடுப்பதில்லை. ஓடக்காரருக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது. ஒரு தடவை பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தவர் முப்பத்தொன்றைத் திருப்பிப் பார்த்தார். "எலி கடிச்சிருக்கு போல டீச்சரம்மா" என்றார். கொஞ்சம் கழித்து, "சின்ன எலிதான்" என்றார்.

இத்தனை நாள் சொல்லாததை இப்போது ஏன் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். போன மாதம் பிச்சைமுத்து மானேஜரிடம் வேலை கேட்டு வந்தார். இடுப்பு வலியால் இனித் தார் தூக்க முடியாது. கரையில் நின்று ஆட்களைப் பார்த்து ஏற்றி இறக்கி, பலகையைக் கவனித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்று கம்பெனியும் தேடிக்கொண்டிருக்கிறது. மானேஜர் என்னை வைத்துக்கொண்டே சொன்னார்.

"நல்ல மனுஷன்தான். ஆனா மறதிக்காரராச்சே. பலகையை எப்படி நம்பிக் குடுக்கிறது? இந்தம்மாவுக்குத் தெரியாததா?"

பிச்சைமுத்து கோபப்படவில்லை. தலையை ஆட்டினார். "சார் சொல்றது சரிதாங்க. எனக்கு ஞாபகம் நிக்காது" என்றார்.

நம் துறையில் ஒருநாள்கூட வில்லை கொடுக்க மறக்காத ஒரே ஆள் அவர்தான். அவருக்கு ஞாபகம் நிற்காது என்று அவரையே நம்பவைத்திருக்கிறேன்.

இதை மானேஜர் முதலில் படிப்பார், பிறகுதான் உங்களிடம் தருவார். படிக்கட்டும். வேலையை யாருக்குக் கொடுப்பது என்பதை இதைப் படித்த பிறகு அவர் முடிவு செய்யட்டும். என் சம்பளத்தில் பிடிக்க வேண்டியது ஏதாவது இருந்தால் பிடிக்கட்டும். சந்தேகம் வந்தால் முப்பத்தொன்றாம் ஆணியில் இருப்பதை எடுத்து ஓரத்தைப் பார்க்கலாம். கடைசியில் ஒரு பாடம் எழுத வேண்டும் என்றும் சொல்லியிருந்தார். ஜன்னலில் யாராவது பேசினால் திரும்பி முகத்தைப் பாருங்கள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

எனக்கு வேண்டிய யோசனை வேறு. பிச்சைமுத்துவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இதை அவரிடம் நான்தான் வாயால் சொல்ல வேண்டும். வியாழக்கிழமை வருவார். சொன்னால் அவருடைய ஞாபகம் அவருக்குத் திரும்பக் கிடைக்கும். ஆனால் தன்னை ஒருவர் பெரிதாக மதித்து ஓடத்தை நிறுத்தினார் என்று முசிறியில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறார். நிறுத்தியது உறுதியால் இல்லை, ஒரு குழந்தையாலும் ஒரு தடுமாற்றத்தாலும் என்று தெரிந்தால் அந்தப் பெருமை போய்விடும். அதற்குப் பதிலாகக் கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை. மூன்று நாளாகச் சொல்லிப் பார்க்கிறேன். முதல் வார்த்தையே வரவில்லை.

உங்களில் யாருக்காவது இப்படி ஒன்றைச் சொல்லிப் பழக்கம் இருந்தால், புதன்கிழமைக்குள் வந்து சொல்லிக்கொடுங்கள். அவர் வில்லையை இரண்டு கையாலும் நீட்டி, "வச்சிக்கிட்டீங்களாம்மா?" என்று கேட்பார். அப்போது நான் எப்படி ஆரம்பிப்பது?